ராக்காவலுக்கு எந்த வண்டி?

வீரகேரளம்புதூர் விவசாயி ஒருவருக்கு ஊரில் சிற்றாற்றுப் பாசனத்தில் நெல்வயல். வடகரைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் வாழை. குலை தள்ளும் பருவத்தில் ராக்காவல் இல்லாமல் முடியாது. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி கிழங்கைத் தோண்டிவிட்டால், பல மாத உழைப்பு விடிவதற்குள் சாய்ந்து கிடக்கும்.

போக வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பல வருடமாக ஒரு பழைய எக்ஸ்.எல். வண்டிதான் துணை. பெட்ரோலுக்கே தினம் நூறு ரூபாய்க்கு மேல் போனது. மகன் மின்சார ஸ்கூட்டர் வாங்கி வந்தார். "யப்பா, மூணு யூனிட் கரண்டுல போயிட்டு வந்துரலாம்" என்றார். கணக்கு சரிதான். தார்ச்சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது.

கடைசி 2 கிலோமீட்டர் மண்பாதை. நான்காம் நாள் ராத்திரி, ஓடை வளைவில் திரும்பியபோது பத்தடி தூரத்தில் தாய்ப்பன்றியும் குட்டிகளும். எக்ஸ்.எல். சத்தத்துக்கு முன்கூட்டியே விலகிப் போகிற கூட்டத்துக்கு இந்த வண்டி வந்ததே தெரியவில்லை. குட்டியோடு இருக்கும் பன்றி மிரண்டால் பாயும். பிரேக் பிடித்ததில் அவர் சரிந்து விழுந்தார். பன்றி முன்சக்கரத்தை முட்டிவிட்டு ஓடியது. கணுக்கால் வீக்கத்தோடு வீடு வந்தவரிடம் மனைவி கேட்டது ஒன்றுதான்: "ஏங்க, அந்த இடத்துல யானை நின்னிருந்தா?" அந்தப் பக்கம் யானை இறங்குவது புதிதல்ல.

அமெரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்களும் மின்சார பைக்கா, பெட்ரோல் பைக்கா என்று பார்ப்பதுண்டு. சத்தமில்லாததால் மின்சார பைக்கைப் பலர் விரும்புகிறார்கள். விலங்குக்குத் தெரியாமல் நெருங்க வேண்டுமே. நம் விவசாயிக்குத் தேவை நேர்மாறானது. அவர் வருவது விலங்குக்குத் தெரிய வேண்டும், அது விலகிப் போக வேண்டும். 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றம். 2025-இல் தமிழக அரசு அறிவித்த முறையிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் மட்டுமே சுடலாம். 1 கிலோமீட்டருக்குள் அதுவும் கூடாது. விவசாயி துப்பாக்கி எடுப்பதற்கோ, வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவதற்கோ, அவுட்டுக்காய் வைப்பதற்கோ இடமே இல்லை.

இப்போது அந்த வீட்டில் இரண்டு வண்டியும் நிற்கின்றன. வயலுக்கும் உரக்கடைக்கும் சுரண்டை சந்தைக்கும் மின்சார வண்டி, ராக்காவலுக்கு எக்ஸ்.எல்.

மின்சார வண்டி மட்டும் வைத்திருப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். மண்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் ஹாரன் அடியுங்கள். முடிந்தால் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். மூட்டையும் மேடும் சேர்ந்தால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். திரும்பி வரவும் போதுமா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 250 வாட், 25 கிலோமீட்டர் வேகத்துக்கு உட்பட்ட, லைசென்ஸ் தேவைப்படாத சிறிய வண்டிகள் பாரத்தோடு மேடு ஏறத் திணறும். பம்புசெட்டின் இலவச மின்சாரம் பாசனத்துக்கு மட்டும். அதில் வண்டியைச் சார்ஜ் போடாதீர்கள். யானை நடமாட்டம் தெரிந்த ராத்திரியில் எந்த வண்டியிலும் போக வேண்டாம்; வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கணுக்கால் சரியான பிறகு அவர் மறுபடியும் காவலுக்குப் போகிறார். எக்ஸ்.எல். சத்தமே போதும் என்றாலும், ஓடை வளைவு வந்ததும் இரண்டு தரம் ஹாரன் அடித்து, சற்று நின்றுவிட்டுத்தான் திரும்புகிறார்.