‘பயப்படுகிறார், தைரியம் சொல்லப்பட்டது’

மருத்துவ வழக்கு எதுவானாலும் நான் முதலில் புரட்டுவது செவிலியர் குறிப்பைத்தான். டிஸ்சார்ஜ் சம்மரி பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகு எழுதப்படுவது. செவிலியர் அப்போதைக்கப்போது நேரம் போட்டு எழுதுகிறார்; பின்னாளில் இது கோர்ட்டுக்கு வரும் என்ற நினைப்பு அதில் இருக்காது. இந்த வழக்கின் ஆவணக் கட்டில், அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவில், அவசரக் கையெழுத்தில் ஆங்கிலத்தில் இப்படி இருந்தது: “நோயாளி பயப்படுகிறார். அபூர்வச் சிக்கல்கள் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார். தைரியம் சொல்லப்பட்டது.”

முறையீட்டாளர் ஒரு பள்ளி ஆசிரியை. நாற்பதை நெருங்கிய வயது, நூற்றுப் பத்து கிலோவுக்கு மேல் எடை. சர்க்கரை, முழங்கால் தேய்மானம், தூக்கத்தில் மூச்சு அடைப்பு. டயட், நடை, மாத்திரை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் எடைக் குறைப்பு அறுவைக்கு வந்திருந்தார். ‘ஸ்லீவ்’ என்கிறார்கள், வயிற்றுப்பையின் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டுக் குழாய்போல மிச்சம் வைப்பது. இந்த அறுவையை நான் குறை சொல்ல வரவில்லை. தேவைப்படுகிறவர்களுக்கு அது ஆயுளை நீட்டுகிறது, பலருக்குச் சர்க்கரையையே கட்டுக்குள் கொண்டுவருகிறது. அமெரிக்காவில் பல வகை எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்ட 4,776 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், முதல் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம், பெரிய சிக்கல் ஏதாவது ஒன்றைச் சந்தித்தவர்கள் 4.3 சதவீதம். பெரிய அறுவைகளின் வரிசையில் இது பயங்கரமான கணக்கு இல்லை.

ஆனாலும் அந்த அம்மாவுக்குப் பயம் இருந்தது. அதை அவர் ஒரு ஆசிரியைக்கே உரிய ஒழுங்கோடு நோட்டில் எழுதி வைத்திருந்தார். தையல் போட்ட இடம் கசிந்தால் எப்படித் தெரியும்? காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போகுமா? சாப்பிட முடியாமல் போனால் நரம்பு பாதிக்கும் என்கிறார்களே, உண்மையா? மூன்றாவது கேள்விக்குச் சிவப்புப் பேனாவில் அடிக்கோடு. அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கூடவே இருந்த கணவர் பிற்பாடு என்னிடம் சொன்னது:

“சார், நோட்டை அவர் வாங்கிக்கூடப் பாக்கல. ‘அதெல்லாம் லட்சத்துல ஒண்ணும்மா, கண்டதையும் படிச்சுட்டு வராதீங்க’ன்னு எந்திரிச்சிட்டார். ராத்திரி நர்ஸம்மாகிட்ட கேட்டா. அவங்க ஒண்ணும் ஆகாதுன்னாங்க. அப்புறம் ஒரு கட்டு பேப்பர் வந்துச்சு. இங்க இங்க கையெழுத்துப் போடுங்கன்னாங்க.”

அறுவை நன்றாகவே முடிந்தது. கசிவு இல்லை, ரத்தக் கட்டி இல்லை. இரண்டாவது வாரத்தில் வாந்தி ஆரம்பித்தது. தண்ணீர்கூடத் தங்கவில்லை. கணவர் மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தார். “புது வயிறு, பழகிக்கும்” என்றார்கள். திரும்பவும் செய்தார், அதே பதில். நான்காவது வாரம் ஆசிரியைக்குப் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிய, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். காலையில் வந்துபோன தங்கையை மதியம் “எப்ப வருவா?” என்று கேட்டார். அதே மருத்துவமனையில் சேர்த்தபோது குளுக்கோஸ் ஏற்றினார்கள். நிலைமை மோசமாகவே, கணவர் அவரை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார். அங்கே பணியில் இருந்த இளம் டாக்டர் கண் அசைவைப் பார்த்துவிட்டு, ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்காமல், நரம்பு வழியாகத் தயமின் ஊசி போட்டார்.

தயமின் என்பது வைட்டமின் பி1. புழுங்கல் அரிசியில் நிற்கும், தீட்டிய பச்சரிசியில் போய்விடும் என்று பள்ளிப் பாடத்தில் படித்த அதே சத்து. உடம்பில் அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். விடாத வாந்தியில் அது வற்றினால் மூளை பாதிக்கப்படுகிறது: கண் அசைவு கோணும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். கார்ல் வெர்னிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1881-லேயே விவரித்த நோய். பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் கரைந்து நோய் முற்றலாம் என்பது மருத்துவப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எடைக் குறைப்பு அறுவைக்குப் பிறகு இது வருவது அபூர்வம்தான். ஆனால் முன்கூட்டியே தடுக்கக்கூடியது. தடுக்கும் ஊசிக்குப் பெரிய விலையும் கிடையாது.

கண் சில நாளில் சரியானது. நடைக்கு மாதங்கள் ஆயின. புதிதாக நடப்பதை நினைவில் வைத்துக்கொள்ளும் திறன் முழுசாகத் திரும்பவே இல்லை. பாடம் நடத்துவார், நேற்று எதுவரை நடத்தினோம் என்பது தெரியாது. வேலையை விட்டுவிட்டார்.

மருத்துவ ஆவணங்களைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்கின்றன. எங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் போன பிறகுதான் வந்தன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையீடு தாக்கல் செய்தோம். எதிர்த்தரப்பின் பதிலுரையில் இரண்டு வாதங்கள். ஒன்று, அந்த அம்மா எதையும் கேட்கவே இல்லை, நினைவு கெட்டவர் சொல்வதை எப்படி நம்புவது என்பது. அதைச் செவிலியர் குறிப்பே முடித்து வைத்தது. அவர்களுடைய ஆவணம், அவர்களுடைய ஊழியரின் கையெழுத்து.

இரண்டாவது வாதம் கனமானது. சமிரா கோஹ்லி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சம்மதம் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறது. சிகிச்சை என்ன, எதற்காக, மாற்று வழி உண்டா, கணிசமான ஆபத்துகள் எவை என்பதையெல்லாம் டாக்டர் சொல்லியாக வேண்டும். ஆனால் நோயாளியைப் பயமுறுத்தித் தேவையான சிகிச்சையையே மறுக்க வைக்கக்கூடிய வெகு அரிதான ஆபத்துகளைச் சொல்ல வேண்டியதில்லை. “இது வெகு அரிதான ஆபத்து, போதாததற்குப் படிவத்தில் ‘சத்துக் குறைபாடு வரலாம்’ என்று அச்சிட்டிருக்கிறோம், கையெழுத்தும் இருக்கிறது” என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். சட்டப்படி சரியான வாதம்.

நான் ஆஸ்திரேலிய வழக்கு ஒன்றை எடுத்து வைத்தேன். ரோஜர்ஸ் எதிர் விட்டேக்கர், 1992. சிறு வயதில் ஏற்பட்ட காயத்தால் வலக்கண் பார்வை போன ஒரு பெண், அந்தக் கண்ணில் அறுவை செய்துகொள்ள வந்தார். நல்ல கண்ணுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று ஓயாமல் கவலைப்பட்டார். தவறான கண்ணில் கத்தி வைத்துவிடுவார்களோ என்று அஞ்சுவதாக மருத்துவமனைக் குறிப்பிலேயே பதிவாகியிருந்தது. 14,000 பேரில் ஒருவருக்கு வரக்கூடிய சிக்கல் அவருக்கு வந்து, நல்ல கண்ணின் பார்வையும் ஏறக்குறைய முழுதாகப் போயிற்று. எண்ணிக்கையில் அரிது என்பதால் அது சொல்லத் தேவையில்லாததாகிவிடாது, இந்த நோயாளிக்கு அது முக்கியம் என்று டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றது அந்நாட்டு உயர் நீதிமன்றம். நம் ஆணையத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் பயத்தை வாய்விட்டுச் சொன்ன நோயாளியை, ஒன்றுமே கேட்காத நோயாளியோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதற்கு அதைவிடத் தெளிவான தீர்ப்பை நான் படித்ததில்லை.

நுகர்வோர் ஆணையத்தில் சாட்சிகளைப் பெரும்பாலும் கூண்டில் ஏற்றுவதில்லை. வினாக்களை எழுதிக் கொடுப்பார்கள், பிரமாண வாக்குமூலமாகப் பதில் போகும். எதிர்த்தரப்பு அனுப்பிய வினாக்களில் ஒன்று: “இந்தச் சிக்கலைச் சொல்லியிருந்தால் அறுவையை மறுத்திருப்பீர்களா?” ‘ஆமாம்’ என்பது சுலபமான பதில். கணவருக்கும் அந்தச் சபலம் இருந்தது. ஆசிரியை என் அறையில் உட்கார்ந்து கேள்வியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பழைய நினைவுகள் அவருக்குப் பளிச்சென்று இருந்தன.

“மறுத்திருக்க மாட்டேன் சார். எனக்கு ஆபரேஷன் வேணும்னுதான் போனேன். ஆனா வாந்தி நிக்கலைன்னா இப்படி ஆகும்னு சொல்லியிருந்தா, மூணாவது நாளே போய் நின்னுருப்பேன். எழுதுங்க, அப்படியே எழுதுங்க.”

அப்படியே எழுதினோம். வழக்கு அதில் திரும்பியது. கேள்வி ‘அறுவை செய்துகொண்டிருப்பாரா’ என்பதிலிருந்து, ‘வாந்தி நிற்காதபோது என்ன செய்திருப்பார்’ என்பதற்கு நகர்ந்தது. போன் கம்பெனியின் அழைப்புப் பட்டியல், குளுக்கோஸ் ஏற்றிய சார்ட், பி1 எழுதப்படாத மருந்துச் சீட்டு, அரசு மருத்துவக் கல்லூரி நரம்பியல் நிபுணரின் கருத்து எல்லாம் அந்த ஒரு பதிலின் பின்னால் வரிசையாக வந்து நின்றன.

அபூர்வச் சிக்கலைப் பற்றிக் கேட்கும் நோயாளி பின்வாங்கப் பார்க்கிறார் என்றே பல டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் முடிவெடுத்துவிட்டு வந்தவர்கள். வீட்டுக்குப் போன பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே கேட்கிறார்கள். அதிலும் எடை அதிகமானவர்களுக்கு இன்னொரு பாரமும் இருக்கிறது. வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர் என்ற பேச்சை ஆயுசு பூராவும் கேட்டுப் பழகியதால், முகத்தைச் சுளித்து ஒருமுறை பதில் சொன்னாலே அடுத்த கேள்வியை விழுங்கிவிடுகிறார்கள். அந்த நோட்டில் டாக்டரிடம் கேட்காமலே போன கேள்விகள் இன்னும் இரண்டு பக்கத்துக்கு இருந்தன.

ஆணையம் எங்களுக்குச் சாதகமாக உத்தரவிட்டது. வெகு அரிதான ஆபத்தைத் தானாக முன்வந்து சொல்லாததைக் குறையாகக் கொள்ளவில்லை. நோயாளியே கேட்ட பிறகும் பதில் சொல்லாததைச் சேவைக் குறைபாடு என்றது. விடாத வாந்தியைப் போனிலேயே தள்ளிவிட்டதும், பி1 இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றியதும் கவனக்குறைவு என்றது. மாநில ஆணையத்தில் மேல்முறையீடு தள்ளுபடியாகி, இழப்பீடு வட்டியோடு வந்து சேர்ந்தது.

இந்த அறுவைக்கு நாள் குறித்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் கேள்விகளை எழுதிக் கொடுங்கள். கேஸ் ஷீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு எந்த நம்பரில் டாக்டரே பேசுவார் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அறுவைக்குப் பிறகு வாந்தி நிற்கவில்லை என்றால் போனில் சொல்லும் ஆறுதலை ஏற்காமல் நேரில் போங்கள். டிரிப் ஏற்றப் போகிறார்கள் என்றால், அதற்கு முன் பி1 ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள்.