மொட்டை மாடியில் ஓர் உடற்பயிற்சிக் கூடம்

'சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்' என்பது நம் முன்னோர் வாக்கு. உடல் என்னும் சுவர் உறுதியாக இருந்தால்தான் கல்வி என்னும் சித்திரம் அதில் நிலைக்கும். இதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் உடலை உறுதியாக்குவதற்குப் பணம் வேண்டும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். மாதக் கட்டணம் செலுத்தி உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்ல எல்லா வீடுகளிலும் இயலுமா? இயன்றாலும், மாலை மங்கிய நேரத்தில் பெண் பிள்ளைகளைத் தனியே அனுப்ப எத்தனை பெற்றோர் இசைவார்கள்? ஆகவே, தாமிரபரணி ஆற்றுக்கு அருகில் ஒரே தெருவில் வசிக்கும் நாங்கள் நால்வரும், சென்ற கோடை விடுமுறையில் மொட்டை மாடியிலேயே ஒரு கூடம் அமைத்தோம். மொத்தச் செலவு 180 ரூபாய். அதை அமைத்த விதத்தைத் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரை.

இந்த எண்ணம் விளையாட்டாகத் தோன்றியதன்று. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நெல்லைச் சீமையில் யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செண்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு எங்கள் தெருவிற்குள்ளும் வந்துவிட்டது. எங்களில் ஒருத்தியின் ஆச்சிக்கு மூட்டுவலி, படியேற முடியாது. அன்று வீட்டில் ஆண்கள் இல்லை. அம்மாவும் மகளும் எவ்வளவோ முயன்றும் ஆச்சியை மாடிக்குத் தூக்கிச் செல்ல முடியவில்லை. கணுக்காலளவு இருந்த நீர் முழங்காலுக்கு ஏறிய பிறகே, அடுத்த தெரு அண்ணன்மார் இருவர் வந்து நாற்காலியோடு தூக்கிச் சென்றார்கள். ஆச்சி பிழைத்தார்கள். ஆனால், 'அவர்கள் வராமல் இருந்திருந்தால்?' என்ற கேள்வி எங்களை விட்டு நீங்கவே இல்லை.

வலிமை நம் நாட்டுப்புறத்திற்குப் புதிதன்று. தென்பாண்டிச் சிற்றூர்களில் இளவட்டக்கல் என்றொரு கல் உண்டு. உருண்டையாக, பிடி கிடைக்காதபடி வழுவழுப்பாக இருக்கும். அதைக் குனிந்து அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டு வந்து, தோளைத் தாண்டிப் பின்னால் எறிய வேண்டும். அதைத் தூக்கியவனுக்கே பெண் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். நம் மாவட்டத்து வடலிவிளையில் பொங்கல் விழாவில் இப்போட்டி நடக்கிறது; பெண்களும் கல் தூக்குகிறார்கள். இளைஞர்களுக்குக் கர்லாக்கட்டையும் தண்டாலும் இருந்தன. பெண்களுக்கோ உரலும் உலக்கையும், அம்மியும் ஆட்டுரலும் இருந்தன. இன்று அந்த வேலைகளை மிக்சியும் கிரைண்டரும் செய்கின்றன. பாடு குறைந்தது நல்லதுதான். ஆனால் பாட்டோடு சேர்ந்து வலுவும் போய்விட்டது. போனதைத் திரும்பப் பெற என்ன செய்தோம் என்பதை இனிச் சொல்கிறோம்.

முதலில் எடைகள். ஒரு லிட்டர் பாட்டிலில் நீர் நிரப்பினால் ஒரு கிலோ. அதிலேயே காய்ந்த மணலை நிரப்பினால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. தொடக்கத்திற்கு இது போதும். மணலுக்கு நாங்கள் ஆற்றில் இறங்கவில்லை. ஆற்று மணல் நீரைப் பிடித்து வைத்து ஊர்க் கிணறுகளுக்கு ஊட்டுகிறது. திரு. நல்லகண்ணு அவர்கள் தொடுத்த வழக்கில், 2010-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை விதித்தது. அவர் காத்த மணலை நாம் வாரலாமா? வீடு கட்டும் இடத்தில் மிஞ்சிய எம்-சாண்டைக் கேட்டு வாங்கிக் கொண்டோம்.

அடுத்தது தூக்குக்கட்டை. ஒரு லிட்டர் பெயிண்ட் டப்பா இரண்டு, முக்கால் அங்குல இரும்புக் குழாய் ஒன்றேகால் அடி. குழாயின் இரு முனைகளிலும் துளையிட்டு, ஆணியைக் குறுக்கே செருகினோம். இல்லையேல் டப்பா கழன்று காலில் விழும். சிமெண்டு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, சிறு ஜல்லி மூன்று பங்கு சேர்த்து, அளவாக நீர் விட்டுக் குழைத்து, முதல் டப்பாவில் நிரப்பிக் குழாயை நேராக நிறுத்தினோம். இரண்டு நாள் கழித்துத் தலைகீழாக்கி மறு டப்பாவிலும் அவ்வாறே செய்தோம். பின்பு ஒரு வாரம் ஈரச் சாக்கு சுற்றி வைத்தோம். சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிவதால் இறுகுகிறது. வேதியியல் பாடம் மாடியில் விளங்கிற்று! ஒரு லிட்டர் காங்கிரீட் ஏறத்தாழ 2.4 கிலோ, குழாயும் சேர்ந்து ஒரு கட்டை ஐந்தரைக் கிலோ வந்தது. சிமெண்டுக் குழம்பு தோலை அரிக்கும், கையுறை அவசியம்.

மூன்றாவது ரப்பர் வார். பஞ்சர் கடையில் வாங்கிய பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறு முனையைக் கையால் இழுத்தால் தோளும் புயமும் நன்கு வேலை செய்யும். வெடிப்பு விட்ட டியூப் ஆகாது. முகத்திற்கு நேராக இழுக்கவும் கூடாது. ஸ்கிப்பிங் ஆடத் தென்னை நார்க் கயிறு. நடுவில் மிதித்து நின்றால் இரு முனைகளும் அக்குள் வரை எட்ட வேண்டும். கீழே விரிக்கக் கோரைப் பாய். புவிசார் குறியீடு பெற்ற பத்தமடைப் பட்டுப்பாய் எங்கள் கைக்கு எட்டாது. சாதாரணப் பாய் வீட்டிலேயே இருந்தது.

கணக்கு இதோ: இரண்டு கட்டைகளுக்குக் குழாய் 80 ரூபாய், சிமெண்டு 30, கயிறு 40, டியூப் 20, ஆணி 10.

எங்கள் உடற்கல்வி ஆசிரியை முதல் நாளே விதிகளை வகுத்துத் தந்தார். எடையைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்க வேண்டும். பன்னிரண்டு முறை எளிதாகத் தூக்கிய பின்பே எடையைக் கூட்ட வேண்டும். வலித்தால் நிறுத்த வேண்டும். தனியே செய்யக் கூடாது. எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று பலர் பயமுறுத்தினார்கள்; முறையாக, மேற்பார்வையில் செய்தால் அப்படி ஆவதில்லை. நம் வயதினர் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது உடலை உழைக்கச் செய்ய வேண்டும், அதில் வாரம் மூன்று நாள் தசையையும் எலும்பையும் வலுவாக்கும் பயிற்சி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முதுமைக்கு வேண்டிய எலும்பின் உறுதியில் பெரும்பகுதி பெண்களுக்கு இவ்வயதிலேயே சேர்ந்துவிடுகிறதாம்.

எதிர்ப்பும் வராமல் இல்லை. "பொம்பளப் பிள்ளைகளுக்கு எதுக்கு இந்தக் கட்டை தூக்குற வேலை?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டார்கள். பதில் சொன்னது நாங்கள் அல்லர், ஆச்சிதான். "ஏளா, நாங்க தலையில ஒரு குடம், இடுப்புல ஒரு குடம்னு ஆத்துலருந்து தண்ணி சொமந்தோம். அப்ப ஒருத்தரும் எதுக்குன்னு கேக்கலியே!" என்றார்கள். அத்தை சிரித்துவிட்டார்கள். இப்போது அவர்கள் மகளும் மாடிக்கு வருகிறாள். சிறுமியாக விறகுச் சுமை தூக்கிய மணிப்பூர் மீராபாய் சானு, 2021-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் வெள்ளி வென்றதை அவளுக்குச் சொல்லியிருக்கிறோம்.

பதக்கம் எங்கள் நோக்கமன்று. முதல் வாரம் ஒன்றரைக் கிலோ பாட்டிலுக்கே கை நடுங்கிற்று. இன்று ஐந்தரைக் கிலோ கட்டையைத் தூக்குகிறோம். 25 கிலோ அரிசி மூட்டையை இருவராகப் பிடித்து மாடிக்கு ஏற்றிவிடுகிறோம். சென்ற மாதம் ஆச்சியை நாற்காலியில் அமர்த்தி, நால்வரும் ஆளுக்கொரு காலைப் பிடித்து, பெரியவர்கள் பக்கத்தில் நிற்க, படி படியாக மேலே கொண்டு சென்றோம். மாடியிலிருந்து ஆற்றைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று என்றார்கள் ஆச்சி.

தோழியரே! உங்கள் வீட்டுப் பரணில் வெறும் டப்பாக்கள் இரண்டு இல்லாமலா போகும்? வரும் விடுமுறையில் அவற்றை இறக்குங்கள். பெற்றோரே! பிள்ளைகள் சிமெண்டும் கையுமாக நின்றால் கடிந்து கொள்ளாதீர்கள். குழாயை நேராகப் பிடித்துக்கொள்ள ஒரு கை கொடுங்கள்.