பஸ்ஸுக்கு முன்னால்

ஸ்காபரோவில் நான் முதலில் குடியிருந்த தொடர்மாடிக்குப் பக்கத்தில் ஒரு சீனரின் வீடியோக் கடை இருந்தது. வேலையில்லாத ஒரு பனிக்கால இரவில் அங்கிருந்து எடுத்துவந்த கசெற்தான் 'லீ ரொக்'. 1991 இல் ஹொங்கொங்கில் வெளிவந்த படம். அண்டி லாவ் கதாநாயகன். பெயர் மாற்றப்பட்டிருந்தாலும் கதை லுய் லொக் என்ற உண்மையான பொலிஸ் அதிகாரியுடையது.

நேர்மையாக வேலைக்குச் சேரும் ஏழை இளைஞன், சூதாட்டக்காரரிடமும் போதைப்பொருள் வியாபாரிகளிடமும் வாங்கும் காசை மேலிருந்து கீழ்வரை கணக்காகப் பிரித்துக் கொடுக்கும் ஆளாக வளர்கிறான். அந்தக் காலத்து ஹொங்கொங் பொலிசாரிடம் ஒரு பேச்சு இருந்தது. இலஞ்சம் ஒரு பஸ். ஏறலாம், விருப்பமில்லையென்றால் பக்கத்தில் ஓடலாம், முன்னால் மட்டும் நிற்கக்கூடாது.

படம் முடிந்தும் எனக்கு நித்திரை வரவில்லை. அந்த பஸ்ஸில் எனக்கும் ஒருமுறை ரிக்கற் எடுத்திருக்கிறார்கள்.

1993 இல் கொழும்பில் ஒரு லொட்ஜில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒன்பதாம் நாள் வெளியே விட்டார்கள். அம்மாவின் காப்பு நாலும் மாமாவின் கையால் ஒரு தரகரிடம் போய், அங்கிருந்து ஒரு மேசை லாச்சிக்குள் போயிருந்தன. கூட்டுக்குள் என்னோடு இருந்த வவுனியாப் பக்கத்துப் பெடியனுக்கு வர ஆளில்லை. "அண்ணை, அம்மாவுக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ" என்று ஊரின் பெயரைச் சொன்னான். நான் தலையாட்டினேன். மூன்று கிழமையில் விமானம் ஏறிவிட்டேன்.

இங்கே அகதி விசாரணையில் கேட்டார்கள்: "சந்தேகம் இருந்தால் ஏன் விட்டார்கள்?" "காசு குடுத்தது" என்றேன். மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கித்தான் சொன்னார்.

கொட்பர் என்ற ஆங்கிலேய அதிகாரி 1973 இல் இங்கிலாந்துக்குத் தப்பியோட, ஹொங்கொங் சனம் தெருவுக்கு இறங்கியது. 1974 இல் இலஞ்ச ஒழிப்புக்கென்று தனி ஆணைக்குழு வந்தது. கொட்பரைத் திருப்பிக் கொண்டுவந்து சிறையில் போட்டார்கள். லுய் லொக் மட்டும் நீதிமன்றம் ஏறவில்லை. அவரும் இந்தக் கனடாவுக்குத்தான் வந்தார். பிறகு தாய்வானிலும் இருந்தார். 2010 இல் கனடாவிலேயே இறந்தார்.

செய்தி கேட்டபோது அவர்மேல் கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அப்படியொருவன் கை நீட்டியதால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். அதே கை நீட்டியதால்தான் காப்பில்லாத தாயின் பிள்ளை உள்ளே இருந்தான்.

அந்த ஊரின் பெயர் இன்னும் ஞாபகமிருக்கிறது. கடிதம்தான் எழுதவில்லை.