குறுங்குழல் துவக்கும் வேளாண்மைக் காவலும்

பழைய பொருளுக்குப் புதிய மெருகிட்டு மீண்டும் சந்தைக்குக் கொண்டுவருதல் இக்கால வணிகத்தின் இயல்பாகிவிட்டது. பாட்டனார் காலத்துக் கைக்கடிகாரம் வருகிறது. மோட்டார் சைக்கிள் வருகிறது. வானொலிப் பெட்டிகூடப் புதுக்கோலம் பூண்டு வருகிறது. அவ்வரிசையில் அமெரிக்காவிலிருந்து ஒரு வேட்டைத் துவக்கும் வந்திருக்கிறது. கனடாவில் வாழும் எம் மருமகன், அதைப் பற்றி வெளிவந்த மதிப்புரைகள் சிலவற்றை எமக்கு அனுப்பி, "மாமா, வயற்காவலுக்குத் துவக்கு வைத்திருந்த வீட்டிற் பிறந்தவர் நீங்கள். இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தான். கேள்வி சிறிது, மறுமொழியோ ஒரு கடிதத்தில் அடங்குவதாயில்லை. அவன் வயதொத்த பிற இளைஞருக்கும் பயன்படக்கூடும் என்று கருதி அதனை ஈண்டு எழுதுகின்றோம்.

முதலில் அத்துவக்கை அறிந்துகொள்வோம். அதன் பெயர் மார்லின் 1895. ஜோன் மார்லின் என்பார் 1870ஆம் ஆண்டு கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் தொடங்கிய தொழிலின் வழிவந்தது. இவ்வகையை நெம்புகோல் றைபிள் என்பர். விசைவில்லைச் சூழ்ந்து, விரல்களை நுழைப்பதற்கேற்ற இரும்பு வளையமொன்று இருக்கும். அதனைக் கீழே தள்ளினால், வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். திரும்ப மேலே இழுத்தால், அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். தோட்டாக்கள் குழலின் கீழேயுள்ள மற்றொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும். பின்னதன் மூக்கு முன்னதன் அடியைத் தொடுமாதலால் கூர்மூக்குக் குண்டு ஆபத்தானது. தட்டை மூக்குடைய குண்டே இதற்கு வழக்கம். இதிலிடும் தோட்டாவை '45-70' என்பர். 1873ஆம் ஆண்டு அமெரிக்கப் படைக்கென ஆக்கப்பட்டது அது. குண்டின் பருமன் ஓர் அங்குலத்தின் நூறு பங்கில் 45. கருமருந்தின் நிறை 70 கிரேன். பெயரின் பொருள் அவ்வளவே.

மார்லின் தொழிலை 2007இல் றெமிங்டன் நிறுவனம் வாங்கியது. அந்நிறுவனம் 2020இல் நொடித்தபோது றூகர் என்னும் நிறுவனம் ஏலத்தில் எடுத்தது. 2021 டிசெம்பரில் 1895 மீண்டும் வெளிவந்தது. 2022இல் அதன் குறுங்குழல் வகையும் வந்தது. அதன் குழல் 16.1 அங்குலம். அந்தப் பத்திலொரு பங்கு ஏன் என்று மருமகன் வியந்திருந்தான். அமெரிக்கச் சட்டப்படி 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய றைபிளைத் தனியே பதிவு செய்யவேண்டும். ஆதலாற் சட்டத்தின் வரம்பை ஒரு நூலிழை தாண்டி நிற்கிறது குழல். குறுங்குழலின் கவர்ச்சியையும் அதுபற்றிய ஐயத்தையும் அந்தப் பத்திலொரு பங்கே சொல்லிவிடுகிறது.

இனி, அதனைப் பயன்படுத்தியோர் கூறும் கருத்துக்களைக் காண்போம். புகழ்வோர் கூறுவது: அடர்ந்த புதரிற் கொப்புகளில் மாட்டாது, தோளிற் சுமப்பதற்கு இலகு, கரடி போன்ற பெருவிலங்கு கிட்ட வந்துவிட்டாற் கைக்கு உடனே வாய்க்கும், துருப்பிடியா உருக்காகையால் மழைக்கு அஞ்சவேண்டியதில்லை. குறை கூறுவோர் சொல்வது: குழல் குறுகியதால் ஓசையும் தீயும் முகத்தருகே மிகுதி; தோளில் விழும் உதை கடுமை; பழைய துவக்கின் கருநீல இரும்பும் வாதுமை மரப்பிடியும் தந்த அழகு இதில் இல்லை. இவையெல்லாம் அவரவர் அநுபவத்தைப் பொறுத்தவை. இவற்றில் வழக்காட எமக்கு ஒன்றுமில்லை.

ஆனால், ஒரு வழக்கு எம்மை நிறுத்தி வைத்தது. இத்துவக்கின் சுத்தியல் உள்ளே மறைந்திராது. வெளியே கண்ணுக்குத் தெரியும். அதனைப் பாதியளவு இழுத்து நிறுத்தினால் விசை இயங்காது. இதற்கு மேலும், சுத்தியல் அடிக்காமற் குறுக்கே தடுக்கும் பொத்தானொன்றை 1984ஆம் ஆண்டு தொடக்கம் மார்லின் துவக்குகளிற் பொருத்தி வந்தனர். புதிய உரிமையாளரும் அதனை விலக்கவில்லை. இந்தப் பொத்தான் வேண்டாதது என்றும், பழைய அழகைக் கெடுப்பது என்றும், அவசரத்தில் மறந்துவிட்டால் விலங்கு தப்பிவிடும் என்றும் பழமை விரும்பிகள் பலர் முறையிடுகின்றனர். துவக்கின் மற்ற உறுப்புகளெல்லாம் சுடுவதற்கு உதவுபவை. இப்பொத்தான் ஒன்றே சுடாமலிருப்பதற்கு உதவுவது. அதனைத்தான் அவர்கள் வெறுக்கின்றார்கள். இவ்வொரு விடயத்தில் நாம் பொத்தானின் கட்சி. ஏன் என்பதை எம் ஊரை வைத்தே சொல்லவேண்டும்.

மட்டக்களப்பிலே துப்பாக்கி என்று வழங்குவது குறைவு. துவக்கு என்பதே வழக்கு. பயிரையும் இங்கே வேளாண்மை என்றே சொல்வோம். 'வேளாண்மை விளைந்து கிடக்கிறது' என்றால் நெற்கதிர் முற்றிக் கிடக்கிறது என்பது பொருள். மாரி மழையோடு விதைக்கும் பெரும்போகத்துக் கதிர் பால்பிடிக்கத் தொடங்கியதும் காட்டுப்பன்றி இறங்கும். ஒரு கூட்டம் ஓரிரவு புகுந்தால், தின்பதிலும் மிதித்துச் சாய்ப்பதே அதிகம். ஆதலால் வாடியிலும் பரணிலும் இராக்காவல் இருந்தாக வேண்டும். நீர் பாய்ச்சுதலிலும் காவலே நன்று என்று உழவைப் பாடிய வள்ளுவர் சொன்னதன் உண்மையை எம் வட்டைகளில் ஓரிரவு கண்விழித்தவர் அறிவர்.

அக்காவலில் முன்னே இருந்தது இடியன் துவக்கு. குழலின் வாய் வழியே மருந்தையிட்டு, அடைப்பானிட்டு, சன்னமிட்டு, கோலினால் இடித்து இறுக்கவேண்டும். ஒருமுறை வெடித்தால் மறுமுறைக்கு வெகு நேரம் செல்லும். பின்னர் அனுமதிப்பத்திரத்துடன் ஒற்றைக்குழல் 12 போர் துவக்கு வந்தது. எம் தந்தையார் வைத்திருந்தது அத்தகையது. வாடிக்குப் போகும்போது மூன்று தோட்டாக்களுக்கு மேல் அவர் எடுத்துச் சென்றதில்லை. பன்றி வரும் அரவம் கேட்டால் முதலிற் குரல். பின்னர்த் தகரத்தில் தட்டல். அதன் பின்னர் தீப்பந்தம். அதற்கும் அடங்காவிட்டால் வானை நோக்கி ஒரு வெடி. சில போகங்களில் மூன்று தோட்டாவும் அப்படியே வீடு திரும்பியதுண்டு. அவர் அதனை நட்டமென்று கருதியதில்லை. காவல் நன்றாக நடந்ததற்குச் சான்றென்றே கருதினார். இருளிலே எதிரே அசைவது பன்றியா, அடுத்த வயற்காரரா என்று தெரியாமல் விசையைத் தொடலாகாது என்பது அவர் எமக்குச் சொல்லித்தந்த ஒரே துவக்குப் பாடம்.

ஒலியாற் காவல் செய்வது அவர் கண்டுபிடித்ததன்று. தினைப்புனத்திற் பரணமைத்து, தட்டையும் தழலும் கொண்டு கிளி ஓட்டிய மகளிரைச் சங்க நூல்கள் காட்டுகின்றன. எம் அயலூராகிய சித்தாண்டியிற் கோயில்கொண்ட முருகன் கைப்பிடித்த வள்ளியும் புனங்காத்தவளே. விலங்கை விலக்கிப் பயிரைக் காப்பது ஒரு தொழில்; விலங்கைக் கொல்வது வேறொரு தொழில். இரண்டுக்கும் ஒரே கருவி வந்து சேர்ந்தபோதுதான் குழப்பம் பிறந்தது.

அக்குழப்பத்தின் வரலாறு இத்தீவிலே பெரிது. மேஜர் றொஜர்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்வர். 1845இல் அவர் ஹப்புத்தளையில் இடிவிழுந்து மாண்டார். பயிருக்குக் கேடென்று அரசாங்கமே யானைத் தலைக்குப் பரிசு வைத்திருந்த காலம் அது. 1848க்கு முன் மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்குப் பரிசு கொடுக்கப்பட்டதாக எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தம் நூலில் எழுதியுள்ளார். அந்நூற்றாண்டின் முடிவில் நிலை மாறியது. 1894ஆம் ஆண்டு அமெரிக்காவிலே மார்லினுக்குப் போட்டியாக வின்செஸ்டர் நிறுவனம் வெளியிட்ட நெம்புகோல் றைபிள் பின்னர் எழுபது இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. அதே 1894ஆம் ஆண்டில் இலங்கையிலே வேட்டைக்காரர் சிலர் ஒன்றுகூடி, வேட்டை விலங்குகள் அருகிவருவதை உணர்ந்து, அவற்றைக் காக்க ஒரு சங்கம் அமைத்தனர். இன்று வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கமென நிலவுவது அதுவே. ஓரிடத்தில் விரைந்து சுடும் கருவி. ஓரிடத்தில் சுட்டது போதும் என்னும் எண்ணம். இரண்டையும் உண்டாக்கியவர் வேட்டைக்காரரே. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அந்த எண்ணத்தின் வழியில் வந்தது.

எம் ஊருக்குத் துவக்கின் பொருள் இன்னொரு முறையும் மாறியது. 1980களின் நடுப்பகுதியிலே அனுமதிப்பத்திரமுள்ள துவக்கையும் வீட்டில் வைத்திருக்க மக்கள் அஞ்சினர். தந்தையாரின் ஒற்றைக்குழல் அக்காலத்தில் ஒப்படைக்கப்பட்டது; பிறகு திரும்பவில்லை. ஆயினும் துவக்குகள் ஊரிற் குறைந்தனவா? பெருகின. ஆனால் அவற்றில் ஒன்றும் வேளாண்மை காக்க வந்ததன்று. 1990 செப்டெம்பர் 5ஆம் நாள், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோரில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர்; அவர்கள் வீடு திரும்பவில்லை. இன்று அவ்வளாகத்திலே மாணவர் புத்தகத்துடன் நடப்பதைக் காண மனம் குளிர்கிறது. எனினும், குறுங்குழல் என்றவுடன் 'புதரில் மாட்டாது' என்னும் நினைவு அமெரிக்க வேட்டைக்காரனுக்கு வருவதுபோல எமக்கு வருவதில்லை. 'மறைத்துக் கொண்டுபோகலாம்' என்பதே எமக்கு முதலில் வரும் நினைவு. ஒரே இரும்பை நாட்டுக்கு நாடு மக்கள் வெவ்வேறு கண்ணாற் காண்கின்றனர். அவரவர் பட்டதே அவரவர் கண்ணாகிறது.

இதனால், உழவனுக்குக் காவல் வேண்டாம் என்று சொல்கின்றோமல்லோம். இன்றைய உழவனின் துயர் மெய்யானது. குரங்கும் மயிலும் பயிருக்குச் செய்யும் அழிவு பொறுக்கமாட்டாமல், 2025 மார்ச் 15ஆம் நாள் காலை எட்டு மணி தொடங்கி ஐந்து நிமிட நேரம் நாடெங்கும் அவற்றை எண்ணும்படி அரசாங்கம் மக்களைக் கேட்டது. படுவான்கரை வயல்களில் யானைக்கு அஞ்சி உறங்காத குடும்பங்கள் உள்ளன. 2019, 2022, 2023 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் இந்நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. நூற்றுக்கு மேற்பட்ட மனிதர் யானையால் மாண்டனர். இரு பக்கமும் பிணம் விழும் இடத்தில் யாரையும் எளிதிற் குறைகூறல் தகாது.

ஆயினும், அந்தத் துயரத்திலிருந்து பிறந்த இரு கொடுமைகளை இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். ஒன்று கட்டுத்துவக்கு. விலங்கு வரும் வழியிற் கம்பி கட்டி, அதிற் கால் பட்டதும் வெடிக்கும்படி இரும்புக் குழாயொன்றை மறைத்து வைப்பது அது. மற்றொன்று ஹக்கபட்டாஸ். தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து வைத்தால், கடித்த விலங்கின் தாடை சிதறும். பன்றிக்கு வைத்ததை யானைக்கன்று தின்று, உண்ணவும் இயலாது பல நாள் வருந்திச் சாகிறது. விறகுக்கும் தேனுக்கும் போனவன் கட்டுத்துவக்கிற் காலை இழக்கிறான். இரண்டுக்கும் சட்டத்தில் இடமில்லை என்பது ஒருபுறமிருக்க, இவ்விரண்டின் பொதுத்தன்மை யாது? வெடிக்கும் வேளையில் அங்கே மனிதன் இல்லை. எதிரே வருவது எது என்று பார்க்கக் கண் இல்லை; 'வேண்டாம்' என்று விசையிலிருந்து விரலை எடுக்கக் கை இல்லை.

இதனாலேதான் அந்தப் பொத்தானின் கட்சியை நாம் எடுத்தோம். கருவிக்குப் பின்னே கண்ணும் கையும் மனமும் இருக்கின்றன என்பதற்கு அஃதோர் அடையாளம். சுடலாம், சுடாமலும் விடலாம் என்னும் இரண்டு வழியும் எந்தக் கருவியில் உண்டோ அதுவே மனிதன் கையிலிருக்கத் தகுந்தது. ஒரு வழி மாத்திரம் உடையது பொறி, அது துவக்காகாது.

எம் மருமகனுக்கு நாம் சொல்லும் கருத்து இவ்வளவே. நீ வாழும் நாட்டில் அனுமதியும் பருவமும் அளவும் வகுத்து வேட்டையை நடத்துகின்றனர். அம்முறைக்குள் நின்று நீ அத்துவக்கை வாங்கினால் நாம் வருந்தோம். அதன் செய்ந்நேர்த்தி மெச்சத்தக்கதே. ஆனால் எத்தனை விரைவில் அடுத்த தோட்டா ஏறும் என்று கேட்பதற்கு முன், முதல் தோட்டாவே தேவையா என்று கேட்கப் பழகு. அந்தப் பொத்தானை வேண்டாததென்று கழற்றி எறிபவரோடு சேராதே. இங்கே எம் பிள்ளைகளுக்கு நாம் வேண்டுவதோ வேறு. ஊர் கூடிக் காக்கும் மின்வேலியும், காலத்திற் கிடைக்கும் யானைவெடியும், அழிந்த பயிருக்குத் தாமதியாத இழப்பீடும், முறைவைத்துப் பரணேறும் அயலாரின் ஒற்றுமையும் வாய்க்குமானால், 12 போர் துவக்குக்கூட வாடியின் மூலையிற் சாய்ந்தபடி இருக்கும். அறுவடை முடிந்து நெல் வீடு வரும்போது, எடுத்துச் சென்ற தோட்டாக்களும் எண்ணிக்கை குறையாமல் வீடு வருமாயின் அதுவே நல்ல போகம்.