ஒரு பெட்டி, இரண்டு வேலை

கிராபிக்ஸ் வேலைக்கும் பாட்டு ரெக்கார்டிங்குக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர் வேண்டும் என்று கடையில் போய்க் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கிற பதில் இதுதான்: "இருக்கிறதிலேயே பெருசா எடுத்துடுங்க சார், எல்லாமே ஓடும்." சென்னையில் ஓர் அண்ணனும் தங்கையும் இந்தப் பதிலை நம்பாமல் தப்பித்த கதை இது. நம்பியிருந்தால் பாதிப் பணம் தண்டமாகப் போயிருக்கும்.

முதலில் பணம். அம்மா கட்டி வந்த ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டைத் தள்ளி எடுத்ததில் கைக்கு வந்தது 92,000. மானிட்டர் உட்பட எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். இது நடந்தது 2025 ஜூனில். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது, இன்னொரு தடவை கேட்கவும் முடியாது.

தங்கைக்கு டிசைன் படிப்பில் சேர வேண்டும். அதற்கு, தான் செய்த வேலைகளை ஒரு தொகுப்பாகக் காட்ட வேண்டும். சில போஸ்டர்கள், பிளெண்டரில் செய்த ஒரு பத்து விநாடி அனிமேஷன். அண்ணன் கீபோர்டு வாசிப்பவன். நண்பர்களின் குறும்படங்களுக்கு இசை போட்டுக் கொடுப்பான். ஆனால் அவனுக்கு அதைவிட அவசரமான வேலை ஒன்று இருந்தது. பாட்டி.

பாட்டிக்கு வயது 78. ஊரில் கல்யாண வீடுகளில் பாடிய நலங்குப் பாட்டுகள், தாலாட்டுகள் என்று அவர் மனசுக்குள் ஒரு மூட்டையே இருக்கிறது. எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. ஒருநாள் பழைய லேப்டாப்பில் மைக்கை மாட்டி ஒரு பாட்டைப் பதிவு செய்தான். பாட்டி பதினோரு நிமிடம் நிறுத்தாமல் பாடினார். போட்டுக் கேட்டால் நடுநடுவே "டிக்... டிக்..." என்று சத்தம், சில இடங்களில் அரை எழுத்தையே காணோம். "இன்னொரு தடவை பாடுங்க பாட்டி" என்று கெஞ்சி மறுபடி பாட வைத்தான். இரண்டாம் தடவை நடுவில் இரண்டு அடி அவருக்கு மறந்து போய்விட்டது. யோசித்துப் பார்த்தார், வரவில்லை. "போகுது போ" என்று எழுந்து போய்விட்டார்.

அந்த "டிக்" எங்கிருந்து வந்தது என்று தேடப் போனதுதான் இந்தக் கம்ப்யூட்டரின் ஆரம்பம்.

சமாச்சாரம் இதுதான். மைக்கில் வரும் ஒலியைக் கம்ப்யூட்டர் ஒரு விநாடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. ஒவ்வோர் எண்ணையும் உடனுக்குடன் கவனிக்க முடியாது என்பதால் 256 எண்கள் சேரும் வரை ஒரு வாளியில் பிடித்து, வாளியோடு எடுத்துக் கொள்கிறது. இந்த வாளிக்குப் பெயர் பஃபர். 256 எண்கள் சேர 5.3 மில்லி விநாடி ஆகும். அதாவது ஒவ்வொரு 5.3 மில்லி விநாடிக்கும் பிராசசர் வந்து வாளியை மாற்றியே ஆக வேண்டும். அந்த நேரம் பார்த்து அது வேறு எங்கோ மாட்டிக் கொண்டால், ஒரே ஒரு தடவை தாமதமானாலும், வாளி வழிந்துவிடும். அதுதான் "டிக்".

சரி, வாளியைப் பெரிதாக்கிவிட்டால்? 1024 எண்கள் பிடிக்கிற வாளி வைத்தால் வழியாது. பாட்டி பாடுவதை மட்டும் பதிவு செய்ய அது போதும். ஆனால் கீபோர்டுக்கு ஆகாது. கட்டையை அழுத்தினால் ஒலி 21 மில்லி விநாடி கழித்துத்தான் வரும். மைக்கில் பாடியதை ஹெட்போனில் கேட்டபடி பாட வேண்டுமென்றால் போக 21, வர 21, ஆக மொத்தம் 42 மில்லி விநாடிக்கு மேல். காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் ஓடுவது சுமார் 34 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால், தன் குரலையே பதினான்கு மீட்டருக்கு அப்பால் நின்று கேட்பது போல. எப்பேர்ப்பட்டவருக்கும் தாளம் தப்பும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வேலையின் அளவு ரொம்பச் சின்னது. 24 பிட் ஒலி, ஒரு டிராக் என்றால் விநாடிக்கு 144 கிலோபைட்தான். ஒரு மணி நேரம் பாடினாலும் ஏறத்தாழ 518 எம்பி. எட்டு டிராக் சேர்த்தாலும் சுமார் 4 ஜிபி. இதற்குப் பெரிய டிஸ்க்கும் வேண்டாம், பெரிய கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம். வேலை கொஞ்சம்தான், ஆனால் நேரம் தவறக் கூடாது.

தங்கையின் வேலை இதற்கு நேர் எதிர். ஏ3 அளவில் 300 டிபிஐ போஸ்டர் என்றால் சுமார் 1.74 கோடிப் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தால் ஒரு லேயருக்கே 70 எம்பி வரை போகும். முப்பது லேயர் போட்டால் 2 ஜிபி. பத்து விநாடி அனிமேஷன், விநாடிக்கு 24 படம், ஆக 240 படங்கள். ஒரு படம் ரெண்டர் ஆக இரண்டு நிமிடம் என்றால் மொத்தம் எட்டு மணி நேரம். மலை மாதிரி வேலை. ஆனால் ஐந்து நிமிடம் தாமதமானால் யாருக்கும் நஷ்டமில்லை. போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

ஒருவருக்கு லாரி வேண்டும், இன்னொருவருக்கு தபால்காரர் வேண்டும். "பெருசா எடுங்க" என்று சொல்கிற கடைக்காரர் விற்பதெல்லாம் லாரிதான். லாரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தபால் நேரத்துக்கு வந்துவிடாது. இது புரிந்த பிறகுதான் இருவரும் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார்கள்.

மென்பொருளுக்குப் பெரிய செலவு இல்லை. பிளெண்டர் 2002லேயே திறந்த மூல மென்பொருளாகிவிட்டது, காசே கிடையாது. அதில் செய்த லாட்வியப் படமான 'ஃப்ளோ' 2025ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரே வாங்கியது. ஆகவே "இலவசம்னா இவ்வளவுதான்" என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாப் பணமும் பெட்டிக்கே போகலாம்.

ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்து ஏழு கொட்டேஷன் வாங்கினார்கள். ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டி, உள்ளே வானவில் மாதிரி விளக்கு, ஆறு ஃபேன். "கேமிங் பிசி தம்பி, இதுல ஓடாதது எதுவுமே இல்ல" என்றார் கடைக்காரர். தங்கை குனிந்து காதை வைத்துக் கேட்டாள். "அண்ணா, இது பக்கத்துல பாட்டி பாடினா, பாட்டிதான் பின்னணி இசை" என்றாள்.

கடைசியில் முடிவானது இது. பிராசசர் ரைசன் 5 7600. ஆறு கோர், 65 வாட். அதிகம் சூடாகாது, சூடாகாததற்குப் பெரிய ஃபேன் சத்தமும் தேவையில்லை. கிராபிக்ஸ் கார்டு 2021ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060, அதிலும் 12 ஜிபி உள்ளது. அதைவிட வேகமான புதிய கார்டு இருந்தது, ஆனால் அதில் 8 ஜிபிதான். கார்டில் ரெண்டர் செய்யும்போது காட்சி முழுவதும் கார்டின் நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேகம் படுத்துவிடும், சில சமயம் ரெண்டரே நின்றுவிடும். தங்கை வேகத்தை விட்டுக் கொடுத்து இடத்தை வாங்கினாள். இன்னொரு லாபம், வாங்கிய அந்த மாடலில் வேலை இல்லாதபோது ஃபேன் முழுக்க நின்றுவிடும்.

ரேம் 32 ஜிபி, 16 ஆக இரண்டு. "இப்ப ஒண்ணு போடுங்க, அப்புறம் ஒண்ணு வாங்கிக்கலாம்" என்று சொன்ன கடையும் உண்டு. ஒற்றையாகப் போட்டால் பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவே உள்ள பாதையில் பாதி சும்மா கிடக்கும். ஜோடியாகவே வாங்கியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது, 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியபோதுதான் தெரிந்தது.

650 வாட் பவர் சப்ளை, தேவைக்கு மேலேயே. அது அவசரப்படாமல் ஓடினால் அதன் ஃபேனும் அவசரப்படாது. பெட்டியில் ஆறு சின்ன ஃபேனுக்குப் பதில் மெதுவாகச் சுற்றும் இரண்டு 140 மில்லிமீட்டர் ஃபேன். விளக்கு ஒன்றுகூடக் கிடையாது. மைக்கும், யுஎஸ்பியில் மாட்டும் ஆடியோ இன்டர்ஃபேஸும் அண்ணனிடம் ஏற்கனவே இருந்தன.

அசெம்பிள் செய்தது வீட்டு ஹாலில், பாயை விரித்து. பெட்டிக்குள் கைவிடும் முன் இரும்பு கிரில்லைத் தொட்டுக் கொள்வது, பிராசசரின் முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்துவது, தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு என்று ஒன்றொன்றாக முடிக்க மூன்று மணி நேரம். இரவு பத்தரைக்கு சுவிட்சைப் போட்டார்கள். ஃபேன் சுற்றியது. திரை கருப்பு.

ஒரு நிமிடம். கருப்பு. இரண்டு நிமிடம். கருப்பு. அம்மா ஒன்றும் கேட்கவில்லை; சும்மா வந்து நின்றார். அது கேட்பதைவிட மோசம். 92,000 ரூபாய் பாய் மேல் கிடந்து ஃபேன் சுற்றிக் கொண்டிருந்தது. அண்ணன் பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினான். "இரு அண்ணா, புது ரேம்னா முதல் தடவை நேரம் எடுக்கும்னு போர்டு புத்தகத்துல போட்டிருக்கு" என்று தங்கை தடுத்தாள். டிடிஆர்5 ரேம் முதல் தடவை போர்டோடு ஒத்துப் போக சில நிமிடங்கள் பிடிக்கும் என்பது உண்மைதான். அந்தச் சில நிமிடங்களில் பயந்து போய்க் கழற்றி மாட்டுகிறவர்கள் ஏராளம். நாலாவது நிமிடம் திரையில் எழுத்து வந்தது. அம்மா "சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கதை அங்கே முடியவில்லை. மறுநாள் மைக்கை மாட்டிப் பதிவு செய்தால், மறுபடியும் "டிக்"! புதுப் பிராசசர், புது ரேம், எல்லாம் இருந்தும். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்ததில் குற்றவாளி அகப்பட்டது: வைஃபை டிரைவர். அது அவ்வப்போது பிராசசரின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி வைக்கிறது. அதற்குள் வாளி வழிந்து விடுகிறது. பதிவு செய்யும் நேரத்தில் வைஃபையை அணைத்து, விண்டோஸின் மின்சேமிப்பு அமைப்பையும் மாற்றியதும் சத்தம் போன இடம் தெரியவில்லை. மெலிதாக ஓர் "உம்ம்" மட்டும் மிச்சம் இருந்தது. நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஓசை அது. கம்ப்யூட்டர் ஒரு சுவரில், கீபோர்டு எதிர்ச் சுவரில் என்று மாட்டியிருந்ததால் இரண்டு எர்த் பாதைகளுக்கு நடுவே வந்தது. எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே போர்டில் மாட்டியதும் அதுவும் போயிற்று. இந்த இரண்டு பிரச்சினையும் தீர ஆன செலவு பூஜ்யம்.

கடைசிச் சிக்கல் ராத்திரி. தெரு அடங்கிய பிறகுதான் பதிவு செய்ய முடியும். எல்லோரும் தூங்கிய பிறகு ரெண்டர் போடத்தான் தங்கைக்கும் வசதி. ரெண்டர் ஓடினால் கார்டின் ஃபேன் சுற்றும், அறையும் கொதிக்கும். இரண்டு நாள் சண்டை. பிறகு ஒப்பந்தம்: ரெண்டர் பகலில், இருவரும் கல்லூரிக்குப் போன பிறகு. மின்சாரம் போனால்? வீடியோவாக எழுதாமல் 240 தனித்தனிப் படங்களாக எழுதச் சொல்லி, இருக்கிற படத்தின் மேல் திரும்ப எழுதாதே என்று பிளெண்டரில் குறித்து வைத்துவிட்டாள். 130வது படத்தில் கரண்ட் போனால் சாயங்காலம் வந்து 130லிருந்து தொடரலாம். பாதியில் அறுந்த அந்த ஒரு படத்தை மட்டும் அழித்துவிட வேண்டும்.

ஆக, இரண்டு வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர் என்பது பெரிய கம்ப்யூட்டர் இல்லை. ஒன்றின் குறுக்கே இன்னொன்று வராத கம்ப்யூட்டர். அதில் பாதியைக் கடையில் வாங்கலாம். மீதியை வீட்டில்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

தங்கையின் அனிமேஷன் மூன்று பகலில், இரண்டு மின்தடைகளையும் தாண்டி முடிந்தது. ஒரு ராத்திரி பதினோரு மணிக்குப் பாட்டியை உட்கார வைத்தார்கள். வைஃபை அணைந்தது. ஜன்னல் சாத்தியாயிற்று. பெட்டியிலிருந்து சத்தமே இல்லை. ஆனாலும் ஹெட்போனில் ஏதோ காற்றுச் சத்தம். அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எழுந்து போய் சீலிங் ஃபேனை நிறுத்தினான்.

பாட்டி ஒன்பது நிமிடம் பாடினார். மறந்து போன அந்த இரண்டு அடி இந்தத் தடவையும் வரவில்லை. மற்றதெல்லாம் வந்தது, ஓர் எழுத்து சிதையாமல். முடித்த கையோடு அவர் சொன்னதும் அதிலேயே பதிவாகியிருக்கிறது: "முடிஞ்சுதா கண்ணு? ஃபேனைப் போடுடா, வேர்த்துக் கொட்டுது." அதை வெட்ட வேண்டாம் என்று தங்கை சொல்லிவிட்டாள்.