பில் போடாத மாத்திரை

இதய வால்வு மாற்றிய அந்தப் பெண் மாதாமாதம் எங்கள் மெடிக்கலில்தான் அசிட்ரோம் வாங்குவார். செயற்கை வால்வில் ரத்தம் உறைந்து அடைக்காமலிருக்க ஆயுளுக்கும் போட வேண்டிய மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அவருடைய ஐஎன்ஆர் சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுப்பவன் நான். ஆகவே தெரியாமல் நடந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது.

ஒருநாள் மாலை, நின்ற ஆண்களெல்லாம் போகட்டும் என்று காத்திருந்து, “அண்ணா, வெள்ளைப்படுது, அரிப்பு தாங்கல. ஏதாச்சும் குடுங்க” என்றார். அவரைவிட எனக்குத்தான் கூச்சம். சீக்கிரம் அனுப்பிவிடத் தோன்றியது. டாக்டர் சீட்டு கேட்கவில்லை. பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம், மூன்று மாத்திரை, மூன்று நாளைக்கு ஒன்று என்று கவரில் எழுதிக் கொடுத்தேன். பில் போடவில்லை.

அசிட்ரோமைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியை ஃப்ளூகோனசோல் முடக்கிவிடும். வழக்கமான அளவைப் போட்டாலும் மருந்து உடம்பில் தேங்கும், ரத்தம் உறைவது தள்ளிக்கொண்டே போகும். ஃப்ளூகோனசோல் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 30 மணி நேரம் ஆகும் என்பதால், நிறுத்திய பிறகும் சில நாள் இந்த வேலை நடக்கும். டி.பார்ம் படிக்கும்போதே தெரிந்த பாடம். அதே தொற்றுக்குப் பிறப்புறுப்பின் உள்ளே வைக்கிற க்ளோட்ரிமசோல் மாத்திரை ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். அதுவும் அதே அலமாரியில்தான் இருந்தது.

சில நாளில் அவருக்குப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை. அடிபடாமலே தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்தது. 3-ஐ ஒட்டி இருக்க வேண்டிய ஐஎன்ஆர் 8-க்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அன்றிரவு அவர் கணவர் கடைக்கு வந்தார். “புதுசா ஏதாவது மருந்து சாப்பிட்டாங்களான்னு டாக்டர் கேக்குறாரு. அவ வாயே திறக்க மாட்டேங்குறா. இங்க எதுவும் வாங்கினாளாண்ணே?”

“வழக்கமா வாங்குறதுதான்” என்றேன்.

மாத்திரையைக் கொடுத்ததைவிட இந்தப் பதில்தான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது. வெட்கத்தால் அவர் மறைத்ததை நான் எனக்குப் பாதுகாப்பாக ஆக்கிக்கொண்டேன். மறுநாள் காலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் சொன்னேன். அதுவரை காரணம் தெரியாமலே அவருக்கு வைத்தியம் நடந்தது.

பிழைத்துக்கொண்டார். கணவரிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. அது அந்தப் பெண்ணின் அந்தரங்கம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணிடம் தனியாக மன்னிப்புக் கேட்க எந்தத் தடையும் இருக்கவில்லை. அதையும் நான் செய்யவில்லை.