தாள்ளபாக்கம் அறையும் மிக்ஸிங் அறையும்

புதிய வெர்ஷனில் உண்டாக்கிய ப்ராஜெக்ட் பழைய வெர்ஷனில் திறக்காது என்றால் அதை யாரும் பெருங்குறையாகக் கொள்ள மாட்டார்கள். பின்னால் வரப்போகிற வசதிகளை முன்னால் இருந்த மென்பொருள் எப்படி அறிந்திருக்கக் கூடும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சில வருஷங்களுக்கு முன் அதே மென்பொருளில் ஒரு மனிதன் இரவெல்லாம் கண்விழித்துச் செய்து முடித்த வேலையை, இன்றைய வெர்ஷன் ஏறிட்டுப் பார்த்து, இந்தக் கோப்பைத் தன்னால் படிக்க இயலாது என்று ஒரு சிறு சாம்பல் நிறப் பெட்டியில் அறிவித்துவிட்டு நிற்கிறபோது, அந்த அறிவிப்பில் ஏதோ ஒரு தர்மக் குறைவு இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. வீடியோ எடிட்டிங் என் தொழில் அன்று. எனினும் சித்தூரிலும் திருப்பதியிலும் கல்யாண ஸ்டுடியோக்களின் மிக்ஸிங் அறையில் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எடிட்டர்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்கு நெடுநாளைய விருப்பம் உண்டு. அந்த விருப்பத்தினால்தான் இந்த விஷயம் என் மனத்தில் வந்து தங்கியது.

ப்ராஜெக்ட் என்று அவர்கள் சொல்லும் கோப்புக்குள் படமும் இல்லை, சப்தமும் இல்லை. காமிரா பிடித்துவந்த க்ளிப்புகள் ஹார்ட் டிஸ்கில் தனியாகக் கிடக்கின்றன. கடைசியில் ரெண்டர் செய்து வீட்டாரிடம் கொடுக்கிற படம் வேறொரு கோப்பாக இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில், எந்தக் க்ளிப்பின் எந்த ஃபிரேமில் தொடங்கி எந்த ஃபிரேமில் நிறுத்தினார், எந்தக் காட்சியை எதன்மேல் கரையவிட்டார், எந்த இடத்தில் புரோகிதரின் குரலைத் தாழ்த்தி எந்த இடத்தில் கெட்டிமேளத்தை உயர்த்தினார், மணப்பெண்ணின் முகத்தில் விழுந்த பச்சை விளக்கொளியை எவ்வளவு குறைத்தார் என்று, அந்த எடிட்டர் எடுத்த ஆயிரக்கணக்கான தீர்மானங்களின் ஜாபிதாதான் ப்ராஜெக்ட். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடுகிற நம் தேசத்து வீடியோவில், தாலி கட்டும் முகூர்த்தத்தில் ஒரு ஃபிரேம் முன்னே வெட்டுவதா பின்னே வெட்டுவதா என்று அவர் யோசிக்கிற யோசனைக்கு, அதைத் தவிர வேறு சாசனம் கிடையாது.

சித்தூரில் உள்ள என் நண்பர் ஒருவர் வீட்டுக் கல்யாணம் சீனிவாச மங்காபுரத்தில் நடந்தது. பத்மாவதித் தாயாரை மணந்த பிறகு பெருமாள் சில காலம் அங்கே தங்கியிருந்தார் என்பது ஐதீகமாதலால், கல்யாண வேங்கடேஸ்வரர் சந்நிதியில் விவாகம் நடத்த எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் ஆவலாக இருக்கும். எங்கள் பக்கம் என்று நான் சொல்வது, 1953 வரை சென்னை ராஜ்யத்தோடு இருந்து, பின்பு ஆந்திரத்தோடு போய், 1960-இல் திருத்தணியைத் தமிழகத்துக்குக் கொடுத்துவிட்டு நின்ற நிலம்; இங்கே கல்யாணப் பத்திரிகை ஒரு பக்கம் தெலுங்கிலும் மறுபக்கம் தமிழிலும் அச்சாவது சாதாரணம். மாப்பிள்ளை அழைப்பின்போது வந்திருந்த நாகஸ்வர வித்வான், ஊர்வலம் தாமதமானதை ஒரு வரமாக எடுத்துக்கொண்டு, தோடி ராகத்தை விஸ்தாரமாக ஆலாபனை செய்தார். வீட்டாருக்குக் கிடைத்த படத்திலோ அந்தத் தோடி ஒரு சினிமாப் பாட்டின் அடியில் சில விநாடிகள் முனகிவிட்டு மறைகிறது. வித்வான் காலமான பிறகு, அவருடைய குமாரர் அந்த ஆலாபனை எங்கேனும் முழுமையாக இருக்கிறதா என்று கேட்டு வந்தார்.

இருந்தது. வேலை செய்த எடிட்டர் இசையில் ருசியுள்ளவர். மூன்று காமிராக்களில் துண்டு துண்டாகப் பதிவாகியிருந்த ஆலாபனையை ஒழுங்காகக் கோத்து, டைம்லைனில் ஒரு டிராக்கில் முழுவதும் வைத்துவிட்டு, வீட்டார் விருப்பத்துக்காக அந்த டிராக்கை ஊமையாக்கி வைத்திருந்தார். அவர் வேறு ஊர் போய்விட்டார். சித்தூர் ஸ்டுடியோவில் அவருடைய இடத்தில் இருந்த பையன் டிஸ்கைச் செருகிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “படம் இருக்குது சார், சவுண்டும் இருக்குது. எது எங்க சேரும்னு சொல்ற ப்ராஜெக்ட்தான் தொறக்க மாட்டேங்குது.” மூன்று காமிராக்களும் தத்தம் க்ளிப்புகளுக்கு ஒரே மாதிரி எண்களை இட்டிருந்தமையால், நூற்றுக்கணக்கான கோப்புகளில் தோடியின் துண்டுகள் எவை, எதற்குப் பின் எது என்று சொல்ல அந்தத் திறக்காத ஜாபிதாவைத் தவிர யாரும் இல்லை.

உலகத்தில் பெரிய எடிட்டர்களுக்கே இந்த அனுபவம் உண்டு. ஆப்பிள் கம்பெனியின் ஃபைனல் கட் ப்ரோ என்ற மென்பொருளில் வால்டர் மர்ச் என்ற மேதை 2003-இல் வெளிவந்த ‘கோல்ட் மவுன்டன்’ படத்தைத் தொகுத்தார். அப்படிப்பட்ட கௌரவம் பெற்ற மென்பொருளை அடியோடு புதுக்கி 2011 ஜூனில் பத்தாம் வெர்ஷன் என்று வெளியிட்டபோது, ஏழாம் வெர்ஷனின் ப்ராஜெக்டுகளை அது திறக்கவில்லை. எழுந்த கூக்குரலைக் கேட்டுப் பழைய வெர்ஷனைச் சில காலம் மீண்டும் விற்றார்கள். பழையதிலிருந்து புதியதற்குப் பெயர்க்கும் கருவியை வேறொரு சிறு கம்பெனி செய்து கொடுத்தது. 2019-இல் வந்த மேக் இயங்குதளம் 32 பிட் மென்பொருள்களை முற்றிலும் நிறுத்திவிட்டபடியால், ஏழாம் வெர்ஷன் புதிய இயந்திரங்களில் ஓடும் வழியும் முழுவதும் அடைபட்டது. அடோபி கம்பெனியின் பிரீமியர் மென்பொருளின் ப்ராஜெக்ட் கோப்போ சுருக்கிக் கட்டப்பட்ட எளிய எழுத்துக்கோப்பு; கட்டை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ஓரிடத்தில் வெர்ஷன் எண் இருக்கும். அந்த எண்ணைக் குறைத்து எழுதிவிட்டால், புதிய வெர்ஷனின் ப்ராஜெக்டைப் பழையது பல சமயங்களில் முணுமுணுக்காமல் திறந்துவிடுகிறது. இதைக் கண்டபோது, பழையது படிக்க முடியாமையால் மறுத்ததைவிட, வாசலில் நின்ற எண்ணுக்காக மறுத்ததே அதிகம் என்பது எனக்கு விளங்கியது.

இந்த விசாரத்தோடு ஒருமுறை திருப்பதி மலைக்குப் போயிருந்தபோது, தரிசனம் முடிந்து உண்டியலுக்கு எதிரே வந்தவன், தாள்ளபாக்கம் அறை என்று வழங்கும் அந்தச் சிறிய கற்சிறையின் முன் நின்றுவிட்டேன். ராஜம்பேட்டைக்கு அருகிலுள்ள தாள்ளபாக்கத்தில் பிறந்து, வேங்கடவன்மீது 32,000 சங்கீர்த்தனங்கள் பாடியதாகச் சம்பிரதாயம் சொல்லும், அன்னமய்யா என்று வழங்கும் அன்னமாச்சாரியாரின் பாடல்களை, அவருடைய குமாரர் பெத்த திருமலாச்சாரியார் விஜயநகர ராஜ்யத்தின் காலத்தில் செப்பேடுகளில் பொறிப்பித்து அந்த அறையில் வைத்தார். அன்னமய்யா சக வருஷம் 1346-இல், அதாவது 1424-இல், பாடத் தொடங்கி 1503-இல் திருநாடு அலங்கரிக்கும் வரை பாடினார் என்ற குறிப்பும் செப்பேட்டிலேயே இருக்கிறது. ஓலை மக்கும், பூச்சி அரிக்கும் என்று கருதிச் செம்பைத் தேர்ந்தெடுத்த அந்தக் குடும்பத்தின் தீர்க்கதரிசனத்தை எவ்வளவு வியந்தாலும் தகும். செம்பு மக்கவில்லை. ஆனால் பாடுகிறவர்களின் பரம்பரை இடையில் அறுந்தது.

1816-இல் தெலுங்கு இலக்கணம் ஒன்றை அச்சிட்ட காம்ப்பெல் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர், திருப்பதி மலையில் ஆயிரக்கணக்கான செப்பேடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஓர் ஆளை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். அவர் தேடியது இலக்கணம். ஆகவே இலக்கண நூல் ஒன்றை மட்டும் படியெடுத்துக்கொண்டு, மற்றவையெல்லாம் வெறும் தெய்வ ஸ்தோத்திரங்கள் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். ஒரு க்ளிப் எழுதப்பட்டிருக்கும் கோடெக் என்ற முறை தெரியாத இயந்திரம் அதைப் பார்த்து இது என் விஷயமன்று என்று ஒதுக்குவதும் இதே ஜாதிதான். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்த அறை மறுபடி மௌனமாக இருந்தது. தேவஸ்தானத்துச் சாசனங்களைப் படித்துவந்த சாது சுப்பிரமணிய சாஸ்திரி 1922-ஐ ஒட்டி அவற்றைக் கவனத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஏடுகள் வெளியே வந்தன. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்ற பண்டிதர்கள் படித்துப் பதிப்பித்தார்கள்.

12,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ராகத்தின் பெயர் இருந்தது. மெட்டு இல்லை, ஸ்வரம் இல்லை, தாளக் குறிப்பும் பெரும்பாலும் இல்லை. பொறித்தவர்களுக்கு அது குறையாகத் தோன்றியிருக்காது. மெட்டுத்தான் பாடுகிறவர்கள் வாயில் இருக்கிறதே, அதைச் செம்பில் ஏற்றுவானேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். கொண்டமலஹரி என்றும் அமரசிந்து என்றும் பெயர் எழுதினால் பாடகன் பாடிவிடுவான் என்ற நம்பிக்கை அன்றைக்கு நியாயமானதே. இன்றைக்கு அந்த ராகங்களின் பெயரைக் கேட்டுவிட்டு வித்வான்களும் யோசனையில் ஆழ்கிறார்கள். இசை என்ற மென்பொருள் இடையில் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே வந்துவிட்டது. 1950-ஐ ஒட்டி, மைசூரில் தெலுங்குப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா தேவஸ்தானத்தின் அழைப்பில் வந்து, பாடல்களைப் பரிசோதித்ததோடு, தாமே பலவற்றுக்கு மெட்டமைத்து ஸ்வரப்படுத்திக் கொடுத்தார். எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் பாலாஜி பஞ்சரத்னமாலை இசைத்தட்டுகள் 1980-ஐ ஒட்டி வீட்டுக்கு வீடு ஒலித்தபோது அன்னமய்யா மறுபிறப்பு எடுத்தார் என்று நாங்கள் மகிழ்ந்ததற்கு ஹேது உண்டு. ஆயினும் நாம் கேட்டு உருகுவது சாகித்தியம் பதினைந்தாம் நூற்றாண்டு, மெட்டு இருபதாம் நூற்றாண்டு என்கிற ஒரு சேர்க்கையை. அன்னமய்யா ஒரு சரணத்தை எந்த ஸ்வரத்தில் எடுத்து எங்கே இளைப்பாறினார் என்ற தீர்மானங்கள் முழுவதும் போயின. ராள்ளபள்ளியாரின் மெட்டுகளை நான் நேசிக்கிறேன்; அப்படி நேசிக்கிறபோதே, போனதை நினைத்து எனக்கு ஏக்கம் உண்டாகிறது.

அதே கோயிலில் பல்லவர் குலத்துச் சாமவை, பெருமானின் வெள்ளித் திருமேனியைச் சமர்ப்பித்ததைச் சொல்லும் தமிழ்ச் சாசனம் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இன்றும் படிக்க முடிகிறது. கல்லுக்கு உறுதி உண்டு என்று இதற்குக் காரணம் சொல்லிவிட்டால் போதாது. அரியலூர்ப் பக்கத்துத் திருமழபாடியில் விமானத்தைப் பிரித்துக் கட்டும்படி முதலாம் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் கட்டளையிட்டபோது, சுவரிலிருந்த சாசனங்களையெல்லாம் முதலில் புஸ்தகத்தில் படியெடுத்துக்கொண்டார்கள். புதிய சுவர் எழுந்தபின், அவன் மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அவற்றை மறுபடி கல்லில் ஏற்றினார்கள். பழைய கல்லைப் பார்த்து எழுதிய படி இது என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் சாசனங்கள் தமிழ்நாட்டுக் கோயில்களில் பல உண்டு. கட்டடத்தைப் புதுப்பிக்கிறவன் பழைய எழுத்துக்குப் பொறுப்பாளி என்ற கொள்கை நம் ராஜாக்களுக்கு இயல்பாக இருந்திருக்கிறது. மென்பொருளைப் புதுப்பிக்கிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் இந்தக் கொள்கையைத்தான். புதிய வசதிகளை எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கட்டும். பழைய சுவரை இடிக்குமுன் அதில் இருப்பதைப் படியெடுக்கும் கடமை அவர்களுடையது, சித்தூர்ப் பையனுடையது அன்று.

அவர்கள் செய்யும்வரை எடிட்டர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கணினியால் எடிட் செய்யும் கலை 1971-இல் சிஎம்எக்ஸ் என்ற கம்பெனியின் இயந்திரத்தோடு தொடங்கியது. அந்தக் கம்பெனியின் 3600 என்ற பிற்கால அமைப்பு உண்டாக்கிய ஈ.டி.எல். என்னும் பட்டியலை இன்றைய தொழில்முறை மென்பொருள்கள் பலவும் எழுதுகின்றன, படிக்கின்றன. வரிசை எண், டேப்பின் பெயர், வெட்டா கரைதலா என்பதற்கு ஓர் எழுத்து, மூலத்தின் தொடக்கமும் முடிவும், படத்தில் அதன் தொடக்கமும் முடிவும்: ஒரு வரிக்கு ஏறக்குறைய இவ்வளவே. கம்பெனி போய்விட்டது, பட்டியல் நிற்கிறது. மென்பொருளே இல்லாவிட்டாலும் மனிதன் கண்ணால் படிக்கலாம் என்பதே அதன் பலம். டேப்பின் பெயருக்கு 8 எழுத்துக்கு மேல் இடமில்லை, 999 வரிகளுக்கு மேல் போகாது, வண்ணத்தையோ டைட்டிலையோ அது அறியாது. ராகத்தின் பெயர் இருக்கும், மெட்டு இராது என்பதுபோலத்தான். ஆனாலும் அத்தனையும் தொலைவதைவிட இது மேல். கூடவே ஒவ்வொரு சப்த டிராக்கையும் தனித்தனிக் கோப்பாக எழுதி வைத்துவிட்டால், மெட்டிலும் பெரும்பகுதி தப்பிவிடும். இதற்குச் செலவு அதிகமில்லை, வேலை முடிந்த அன்று இரவு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். மறுநாள் விடியற்காலை திருச்சானூரில் அடுத்த முகூர்த்தம் இருக்கிற எடிட்டருக்கு அந்தக் கொஞ்ச நேரமே அரிது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

தோடி கிடைத்துவிட்டது. திருப்பதியில் ஒரு ஸ்டுடியோக்காரர், பழைய வேலைகளுக்கென்றே ஒரு கணினியை இன்டர்நெட்டில் சேர்க்காமல், எந்த அப்டேட்டும் அண்டவிடாமல் தனியாக வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்து ஸ்டுடியோக்களிலிருந்து இப்படித் திறக்காத ப்ராஜெக்டுகள் அவரிடம் வருகின்றன. ஊமையாக்கியிருந்த டிராக்கைப் பேசவைத்து, ஆலாபனையைத் தனிக் கோப்பாக எழுதிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். இப்போது அந்தக் கணினியின் மதர்போர்டில் கோளாறு தட்டியிருக்கிறதாம். அதே மாடல் பழையது ஒன்று அகப்படுமா என்று சென்னை ரிச்சி தெருவில் சொல்லிவைத்திருக்கிறார்.